படம் கிடைத்த பிறகும் பத்து நிமிடம்: ஒரு மும்பை போட்டோகிராபரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு வருடமாக மும்பையில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். கல்யாணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவி, சயான், மாட்டுங்கா பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கேமராவோ மொபைலோ எடுத்துக்கொண்டு என்னோடு நடக்க வருவார்கள். கல்யாண வீட்டிலும் சரி, இந்த நடையிலும் சரி, ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு தடவையும் டீக்கடையில் நின்று பதில் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

படைப்பாற்றல், படைப்பாற்றல் என்கிறார்களே, போட்டோவில் அது என்ன?

பெரிய சொல். எனக்கு அதை வாயில் எடுக்கவே கொஞ்சம் கூச்சம். என் சித்தப்பா தாராவி 90 அடி ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் போட்டோ, ரேஷன் கார்டு போட்டோ, ஊரில் இருக்கும் ஆச்சிக்கு அனுப்பக் குடும்பப் போட்டோ. பின்னால் ஊட்டி ஏரி வரைந்த ஒரு துணித் திரை. வந்தவரை உட்கார வைத்து, முகத்தைத் திருப்பி, ஒரு படம் எடுப்பார். "சரி, முடிஞ்சுது" என்பார். உட்கார்ந்திருந்தவர் அப்பாடா என்று தோளைத் தளர்த்துவார். அந்த நொடியில் இன்னொன்று எடுப்பார். பிரிண்ட் போடுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது படத்தைத்தான்.

ஒரு ஃபிலிம் ரோலில் 36 படம்தான். ரோலுக்கும் காசு, கழுவவும் காசு. பாதி ரோலை இப்படிக் கேட்காத படத்துக்குச் செலவழிக்கிறாரே என்று சித்தி சண்டை போடுவாள். படைப்பாற்றல் பற்றி யாரும் அவரிடம் பேட்டி எடுத்ததில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டாவது படம்தான் ஞாபகம் வருகிறது. கேட்ட படம் கிடைத்துவிட்டது, கூலிக்கு உண்டான வேலை தீர்ந்தது, அப்புறமும் ஒரு பத்து நிமிடம் நிற்பது. இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகளுக்கு என் பதில் இதைச் சுற்றித்தான் வரும். இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இது பிறவியிலேயே வருவதா, பழகி வருவதா?

சிகாகோவில் விவியன் மேயர் என்று ஓர் அம்மா இருந்தார். வீடுகளில் பிள்ளை பார்க்கும் வேலை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கும்போதெல்லாம் கழுத்தில் கேமரா. லட்சத்துக்கும் மேல் நெகட்டிவ்கள் சேர்ந்தன, நிறைய ரோல்களைக் கழுவக்கூட இல்லை. 2007-ல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன. படங்கள் உலகம் முழுக்கப் பேசப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை, 2009-லேயே இறந்துவிட்டார். அவர் பிறவிக் கலைஞரா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. தினமும் எடுத்தார். நீங்கள் இந்த வாரம் எத்தனை நாள் எடுத்தீர்கள்?

அண்ணே, எந்தக் கேமரா வாங்கலாம்?

கையில் இருப்பதை வைத்து ஆறு மாதம் எடுங்கள். அப்புறமும் ஆசை அடங்கவில்லை என்றால் ஃபோர்ட்டில் போரா பஜார் தெருவுக்குப் போங்கள். சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். கேமரா கடைகளும் ரிப்பேர் கடைகளும் அங்கே கூட்டமாக இருக்கும். பழைய கேமரா பாடி ஒன்று, 50 எம்.எம். லென்ஸ் ஒன்று போதும். ஜூம் வேண்டாம். ஜூம் இல்லாவிட்டால் நீங்கள் நடந்துதான் கிட்டே போக வேண்டும், கிட்டே போனால் அந்த ஆளோடு பேசியே ஆக வேண்டும். பழைய லென்ஸ் வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். மும்பையில் புழங்கிய லென்ஸ் என்றால் இரண்டு தடவை பாருங்கள்.

சி.எஸ்.எம்.டி., கேட்வே, மரைன் டிரைவ் எல்லாவற்றையும் எல்லாரும் எடுத்தாகிவிட்டது. இனி நான் எடுத்து என்ன புதிதாக வரப்போகிறது?

எல்லாரும் எடுத்த படத்தை முதலில் நீங்களும் எடுத்துவிடுங்கள். அது எடுக்கப்படாமல் மனதில் இருந்தால் உறுத்திக்கொண்டே இருக்கும். வேறெதையும் பார்க்க விடாது.

நம் பெரியவர்கள் இன்னும் வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) என்று சொல்லும் அந்த ஸ்டேஷன் கட்டடம் 1888-ல் முடிந்தது. 2004-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. சாயங்காலம் எதிரே போய் நின்றால் உங்கள் பக்கத்தில் ஐம்பது பேர் அதே கோணத்தில் மொபைலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். நீங்களும் தூக்குங்கள். எடுத்து முடித்துவிட்டுத் திரும்பி நில்லுங்கள். கட்டடத்தின் மேல் போட்டிருக்கும் கலர் விளக்கின் சாயல், ரோட்டைக் கடக்கக் காத்திருப்பவர்களின் முகத்தில் விழுந்திருக்கும். எல்லாரும் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள், யாருக்கும் உங்களைப் பார்க்க நேரமில்லை. என்னோடு வந்த ஒரு பெண் அங்கே கட்டடமே இல்லாத சி.எஸ்.எம்.டி. படம் ஒன்று எடுத்தாள். டிபன் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஒரு அண்ணன், முகத்தில் பச்சை வெளிச்சம். எந்த ஊர் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

(ஸ்டேஷனுக்கு உள்ளே தொழில்முறையாக எடுப்பதற்கு ரயில்வே அனுமதி வேண்டும். டிரைபாடை விரித்துவிட்டு அப்புறம் என்னைக் கூப்பிடாதீர்கள்.)

இந்த நகரத்தை எப்படிப் பார்க்கலாம் என்று ரகுபீர் சிங்கின் படங்களில் பாருங்கள். கறுப்பு வெள்ளைதான் கலை என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் பிடிவாதமாகக் கலரில் எடுத்தவர். பம்பாய் பற்றிய அவருடைய புத்தகம் 1994-ல் வந்தது. ஜவேரி பஜார் நகைக்கடையில் எடுத்த படத்தில் கடை எது, தெரு எது, கண்ணாடியில் தெரிவது எது என்று பிரித்துப் பார்ப்பதற்கே நேரம் பிடிக்கும். கண்ணாடி இல்லாத கடைத்தெரு மும்பையில் எங்கே இருக்கிறது? நாம்தான் அதை ஊடுருவிப் பொருளைப் பார்க்கிறோம், கண்ணாடியைப் பார்ப்பதில்லை.

தாராவியில் படம் எடுக்கலாமா? ஏழைகளை எடுத்துப் பெயர் வாங்குவது தப்பில்லையா?

நான் தாராவியில் பிறந்தவன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்தவர். நீண்ட லென்ஸோடு சந்து முனையில் நின்றுகொண்டு, சாக்கடை ஓரம் உட்கார்ந்திருக்கும் குழந்தையைத் தூரத்திலிருந்து எடுத்துப் போகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அந்தக் குழந்தையில் ஒன்று நானாகவும் இருந்திருப்பேன். அதனால் எனக்கு இதில் கோபம் உண்டு.

ஆனால் "எடுக்கவே கூடாது" என்று சொல்ல மாட்டேன். அப்படியென்றால் நானும் எடுக்க முடியாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். விடியும் முன்னே அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளில் கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டே நகரம் முழுக்க விற்கப் போவார்கள். அப்படி ஒரு அண்ணாச்சி வீட்டு வாசலில் ஐந்து மணிக்குப் போய் நின்றேன். தட்டைத் திறந்ததும் ஆவி பொங்கியது, மேலே ஒரு மஞ்சள் பல்பு. அழகான படம். எடுத்துக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "ஆவியைத்தான் வாறவன் பூரா எடுக்கான். மாவாட்டுறத ஒருத்தனும் எடுக்கல" என்றார்.

மாவு எப்போது ஆட்டுவீர்கள் என்று கேட்டேன். முந்தின நாள் ராத்திரி என்றார். அடுத்த வாரம் ராத்திரி பத்து மணிக்குப் போனேன். பத்துக்குப் பத்து அறை. கிரைண்டர் சத்தத்தில் காது அடைத்தது. அதை எடுத்தேன், முடிந்தது, கிளம்பலாம். ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தேன். கிரைண்டருக்குப் பக்கத்தில் அரிசி மூட்டை மேல் அவருடைய பையன், மூன்று வயதிருக்கும், அத்தனை சத்தத்திலும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். மாவு ஆட்டி முடித்து அவர் சுவிட்சை அணைத்தார். சத்தம் நின்றதும் பையன் முழித்துக்கொண்டான். திருதிருவென்று விழித்தபடி எழுந்து உட்கார்ந்தான். அந்த முகம்தான் படம்.

பெரிதாக பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வெளியே எங்கும் அதைக் கொடுக்கவில்லை.

எனவே யாராவது தாராவியில் எடுக்கலாமா என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இரண்டாவது தடவை போவீர்களா? போவதாக இருந்தால் எடுங்கள். போகும்போது முதல் தடவை எடுத்ததை பிரிண்ட் போட்டு எடுத்துப் போங்கள். ஒரு சின்ன பிரிண்ட் டீயும் வடாபாவும் சாப்பிடுகிற காசுதான்.

கல்யாணப் படத்தில் என்ன படைப்பாற்றல்? எல்லாக் கல்யாணமும் ஒன்றுதானே?

ஒன்றுதான். அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த இடத்தில்தான் கண் சும்மா இருக்கும், வேறு எதையாவது பார்க்கும்.

எங்கள் தொழிலில் இரண்டு சாதி. மேடைக்கு எதிரே அசையாமல் நின்று சடங்கு ஒன்று விடாமல் எடுப்பவர் 'டிராடிஷனல்'. இங்கேயும் அங்கேயும் அலைந்து சிரிப்பு, அழுகை எல்லாம் எடுப்பவர் 'கேண்டிட்'. பேரும் காசும் இரண்டாமவருக்கு. நான் முதல் ஆறு வருடம் டிராடிஷனல்தான். மாட்டுங்காவில் காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் என்று வரிசை மாறாமல் எடுத்துப் பழகியவனுக்கு அடுத்து யார் எங்கே நகர்வார் என்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

தாலி கட்டும் நொடியைத் தவற விடுகிறேன் என்று புதியவர்கள் புலம்புவார்கள். மாப்பிள்ளை கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறத்தான் செய்யும், ஏனென்றால் அந்த நேரம் நாலு அத்தைகளும் பத்து மொபைலும் குறுக்கே வரும். நீங்கள் தவில்காரரைப் பாருங்கள். அவர் ஐயரின் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கண் விரிந்தால் கெட்டிமேளம் வரப்போகிறது, கெட்டிமேளம் வந்தால் அட்சதை பறக்கும். அரை நொடி உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். போதும்.

இது கைத்திறன். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. தாலி கட்டி முடிந்ததும் எல்லாக் கேமராவும் மணமக்கள் பக்கம் போகும், கொஞ்ச நேரத்தில் பாதிக் கூட்டம் பந்திக்குப் போகும். அப்போது நான் பெண்ணின் அப்பாவைத் தேடுவேன். ஒரு தடவை செம்பூரில் ஒரு அப்பா, அட்சதையைப் போடவே மறந்துபோய் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கால் மணி நேரம் கழித்தும் அந்தக் கை மூடியே இருந்தது. முகம் வேண்டாம் என்று கையை மட்டும் எடுத்தேன். ஆல்பத்தில் முதலில் அதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு வருடம் கழித்து அந்தப் பெண் போன் செய்து, "அது அப்பா கைதானே?" என்று கேட்டாள்.

ஒன்றை மறக்காதீர்கள். இதையெல்லாம் எடுப்பது அவர்கள் கேட்ட படங்களை எடுத்து முடித்த பிறகு. மொபைலில் யாரோ நடிகை கல்யாணப் படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்பார்கள். முகம் சுளிக்காமல் அதே மாதிரி எடுத்துக் கொடுங்கள். மாமா, சித்தி, ஒன்றுவிட்ட பெரியப்பா எல்லாரோடும் குரூப் போட்டோ எடுங்கள். கலை பேசிக்கொண்டு குரூப் போட்டோவை விட்டால் பாக்கிப் பணம் வராது. வரவும் கூடாது.

விதிகளைக் கற்றுக்கொள்ள வேண்டுமா? மூன்றில் ஒரு பங்கு விதி மாதிரி?

படத்தை மூன்று பங்காகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோட்டில் வைப்பது மாதிரி விதிகளை ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொண்டு மறந்துவிடலாம். கருவி எப்படி வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம், அதை மறக்கக் கூடாது.

ஒரு ஹாலில், பெயர் வேண்டாம், புதிதாக எல்.இ.டி. விளக்கு மாட்டியிருந்தார்கள். மலிவான விளக்கு. நான் 1/500 ஷட்டரில் (ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம்) எடுத்த நிச்சயதார்த்தப் படங்களில் பாதிக்கு மேல் குறுக்கே கறுப்புப் பட்டை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் அந்த மாதிரி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரிந்துவிடும். 1/100 அல்லது 1/50-க்கு இறங்கினால் பட்டை போய்விடும். மறுநாள் முகூர்த்தத்தை வேறு வழியில்லாமல் முழுக்க 1/50-ல் எடுத்தேன். அட்சதை அரிசி தனித்தனியாக நிற்கவில்லை, மஞ்சள் கோடு கோடாக விழுந்தது. தலை குனிந்திருந்த மணப்பெண் மட்டும் அசையாமல் தெளிவாக இருந்தாள். மழைக்குள் உட்கார்ந்திருப்பது போல. இன்றைக்கும் அட்சதையை நான் 1/50-ல்தான் எடுக்கிறேன், விளக்கு எவ்வளவு நல்ல விளக்காக இருந்தாலும்.

மற்றவர்கள் படத்தைப் பார்த்து எடுத்தால் காப்பி ஆகாதா?

முதலில் காப்பிதான் அடியுங்கள். எட்வர்ட் வெஸ்டன் 1930-ல் ஒரு குடைமிளகாயை எடுத்த படம் உலகப் புகழ். அதன் பெயரே 'மிளகாய் எண் 30'. தகரப் புனல் ஒன்றைப் படுக்க வைத்து, அதற்குள் மிளகாயை வைத்து எடுத்தார். புனலின் உள்பக்கம் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மிளகாயின் வளைவுகளைத் தடவிக் கொடுத்தது. இதை அப்படியே செய்து பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஒரு பையன் மாட்டுங்கா மார்க்கெட்டில் மிளகாய்க்குப் பதில் வாழைப்பூ வாங்கிப் போனான். மூன்று நாள், ஒவ்வொரு மடலாக உரித்து உரித்து எடுத்தான். அவன் அம்மா, "பூ வாடுறதுக்குள்ள கூட்டு வைக்க விடுவியா மாட்டியா" என்று கத்தியதாகக் கேள்வி. மூன்றாம் நாள் படத்தில் வெஸ்டனும் இல்லை, நானும் இல்லை.

எடிட்டிங் செய்வது ஏமாற்று வேலையா?

அமெரிக்கப் போட்டோகிராபர் ஆன்செல் ஆடம்ஸ் பியானோ கற்றவர். நெகட்டிவ் என்பது எழுதி வைத்த இசைக்குறிப்பு, பிரிண்ட் என்பது அதை வாசிப்பது என்ற பொருளில் சொல்வார். 1941-ல் நியூ மெக்சிகோவில் நிலவு எழும்பும்போது அவர் எடுத்த ஒரு படத்தைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப பிரிண்ட் போட்டார். பிந்தைய பிரிண்ட்களில் வானம் மேலும் மேலும் கறுத்துக்கொண்டே போகிறது. நெகட்டிவ் ஒன்றுதான். நம் ஆட்களுக்குச் சொல்வதென்றால் ஒரே கீர்த்தனையை இருபது வயதிலும் அறுபது வயதிலும் பாடுவது போல. அதனால் வெளிச்சத்தைக் கூட்டுவது, குறைப்பது, கலரை மாற்றுவது எல்லாம் வாசிப்பின் பகுதி.

ஆனால் முகத்தை வெளுப்பது வேறு விஷயம். அதைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும்.

"பொண்ணு கொஞ்சம் கலரா வர்ற மாதிரி பாத்துக்கோங்க தம்பி." இதைக் கேட்காத கல்யாணம் எனக்கு நினைவில்லை. மேக்கப் போடுகிறவர் முகத்தை இரண்டு ஷேட் ஏற்றிவிடுவார், கழுத்தும் கையும் பழைய நிறத்தில் இருக்கும். அப்புறம் எடிட்டிங்கில் கையையும் வெளுக்கச் சொல்வார்கள். சித்தப்பா காலத்தில் பென்சிலால் நெகட்டிவ்வில் தேய்த்துக் கொடுத்தார்கள், இப்போது ஒரு பட்டன்.

இதில் கருவிக்கும் பங்கு உண்டு. கோடாக் நிறுவனம் கலர் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய அட்டையில் பல வருடம் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி. நம் தோல் அந்தக் கணக்கில் இல்லை. இன்றைய கேமராவில் வெளிச்சம் அளக்கும் மீட்டரும் எதிரே எது இருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டியும் பளீர் ஜரிகையும் பாதிச் சட்டத்தை அடைத்தால் மீட்டர் பயந்துபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கருகிப்போகும். அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான் "கறுப்பா வந்துட்டேன்" என்று பெண் அழுகிறாள். அவள் கறுப்பு அழகாக இருப்பதை நாம் எடுக்கத் தெரியாமல் கெடுத்திருக்கிறோம்.

நான் செய்வது இது. முகத்துக்கு மட்டும் ஸ்பாட் மீட்டர் வைப்பேன். ஃபிளாஷை நேரே அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து, ஜன்னல் வெளிச்சம் போல விழச் செய்வேன். கறுத்த தோலில் பக்க வெளிச்சம் பட்டால் ஒரு மினுமினுப்பு வரும், எண்ணெய் தேய்த்த கருங்கல் சிலை மாதிரி. வெள்ளைத் தோலில் அது வராது. முதலில் இதை எடுத்துக் காட்டிவிடுவேன். "வெளுக்கணுமா சொல்லுங்க, செய்றேன்" என்பேன். பத்தில் ஆறேழு பேர் வேண்டாம் என்றுவிடுவார்கள். மீதிப் பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

பெண்பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்பலாமா? (அம்மாக்கள் கேட்பது)

அனுப்புங்கள் அக்கா. இந்த மும்பையில் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்த ஹோமாய் வியாரவாலாதான் இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் போட்டோகிராபர். 1913-ல் பிறந்தவர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் மானெக்‌ஷா பெயரில்தான் அச்சாயின. அப்புறம் 'டால்டா 13' என்று புனைபெயர்: பிறந்த வருடம் 13, கணவரைச் சந்தித்த வயது 13, முதல் காரின் நம்பர் டி.எல்.டி. 13. சுதந்திர காலத்து டெல்லியை எடுத்தார், 1970-ல் போட்டோ எடுப்பதையே விட்டார், 2011-ல் பத்ம விபூஷண் வாங்கினார்.

அதற்கும் முன்னால், 1892-ல், ராஜா தீன் தயாள் என்ற போட்டோகிராபர் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ நடத்தினார். உள்ளே எடுப்பவரும் பெண்தான். இன்றைக்கும் மணப்பெண் அறைக்குள் சேலை கட்டும்போது என்னால் போக முடியாது. பாட்டி கொசுவம் மடித்துவிடும் அந்த அரைமணி நேரம்தான் கல்யாணத்திலேயே நல்ல படம் கிடைக்கிற நேரம். அதைப் பெண்கள்தான் எடுக்க முடியும். அந்த இடத்துக்கு ஆள் கிடைக்காமல் நாங்கள் தவிக்கிறோம்.

மழைக்காலத்தில் கேமராவைப் பூட்டி வைத்துவிடலாமா?

பூட்டி வைத்தால்தான் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், அடிக்கடி வெளியே எடுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்காதீர்கள், லென்ஸ் வியர்த்துவிடும். கால் மணி நேரம் பொறுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை வானம் முழுக்க ஒரே வெள்ளைத் துணி, நிழலே இல்லாத வெளிச்சம். ஸ்டூடியோவில் காசு கொடுத்து வாங்குகிற வெளிச்சம் அது. ஆடி மாதம் நமக்கு முகூர்த்தமும் கிடையாது. என் சொந்தப் படங்களில் பாதி ஆடியில் எடுத்தவை. மீதி நேரம் தாராவி தோல் கடைகளுக்கு பேக், பெல்ட் எடுத்துக் கொடுத்து வாடகை கட்டுகிறேன்.

எதையும் எடுக்கவே தோன்றாத நாட்கள் வந்தால்?

வரும். 2020 ஊரடங்கில் எனக்கு மாதக்கணக்கில் ஒரு கல்யாணமும் இல்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து, சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போது ஞாபகம் வந்தவர் பிராக் போட்டோகிராபர் யோசஃப் சூதெக். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிராக் நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது தன் ஸ்டூடியோ ஜன்னலையே எடுக்க ஆரம்பித்தார், 1940 முதல் 1954 வரை. பனி படிந்த கண்ணாடி, வெளியே ஒரு கோணல் மரம், ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர். அவ்வளவுதான்.

எங்கள் சமையலறை ஜன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் துணிக் கொடிகள். தினமும் காலை ஒரு படம், வேறு எந்தத் திட்டமும் இல்லை. முதல் இரண்டு வாரம் சலிப்பாக இருந்தது. மூன்றாவது வாரம் படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தபோதுதான் பட்டது: கொடியில் ஸ்கூல் யூனிஃபார்மே இல்லை. கான்ஸ்டபிள் வீட்டுக் காக்கி மட்டும் தினமும் தொங்கியது, சில நாள் இரண்டு ஜோடி. அப்புறம் ஒரு வாரம் அந்தக் கொடியில் எதுவும் இல்லை, ஜன்னலும் திறக்கவில்லை. பிறகு மறுபடி காக்கி வந்தது. நான் ஜன்னலில் நின்று கும்பிட்டேன். அவர் மனைவி எதற்கென்று புரியாமல் பதிலுக்குக் கும்பிட்டார்.

ஏ.ஐ. வந்துவிட்டதே, இனி போட்டோகிராபர் எதற்கு?

"அப்பா போன வருஷம் தவறிட்டார், குரூப் போட்டோவுல அவரைச் சேர்த்துத் தர முடியுமா?" இதை ஏ.ஐ.க்கு முன்பே கேட்டார்கள். சித்தப்பா கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டி, அதை மறுபடி படமெடுத்துக் கொடுப்பார். நானும் இப்போது கம்ப்யூட்டரில் செய்து கொடுக்கிறேன், பிரிண்ட்டின் பின்னால் 'சேர்க்கப்பட்டது' என்று பென்சிலால் எழுதிவிடுவேன். பேரன் ஒரு நாள் திருப்பிப் பார்ப்பான் இல்லையா.

நான் எடுத்த கல்யாணப் படம் எனக்குத்தானே சொந்தம்?

எங்கள் ஆட்களில் நிறையப் பேர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ம் பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். உங்களுக்கு வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். எடுத்தவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உங்களிடமே இருக்கும். நீங்களாக, யாரும் கேட்காமல் எடுத்த படங்கள் உங்களுக்கே சொந்தம். 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமை உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்கு மேல் 60 வருடமும் இருக்கும்.

சித்தப்பாவின் ஊட்டித் திரை இப்போது எங்கே இருக்கிறது?

இந்தக் கதையைக் கேட்ட எல்லாரும் கடைசியில் இதைக் கேட்கிறார்கள். என்னிடம்தான் இருக்கிறது. ஸ்டூடியோவை மூடிய அன்று சுருட்டி எடுத்து வந்தேன். மேல் பக்கம் மலை, வானம் எல்லாம் கலர் அப்படியே இருக்கிறது. ஏரியில் ஒரு சிவப்புப் படகு வரைந்திருக்கும், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில். அந்தப் படகு மட்டும் தேய்ந்து வெறும் துணி தெரிகிறது. வந்த பிள்ளைகள் எல்லாம் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். சித்தப்பா ஒரு தடவைகூட அதைத் திரும்ப வரையவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் கேட்டால் விரித்துக் காட்டுகிறேன். கை கழுவிவிட்டு வந்தால் தொடவும் விடுகிறேன்.